மானிட்டருக்குச் சாமி வந்தா யாரைக் கேக்கணும்?

எங்க ஊர் நல்லம்பள்ளிக்கு வர்றவங்க ரெண்டு காரியத்துக்குத்தான் வருவாங்க. செவ்வாய்க்கிழமைன்னா சந்தையில ஆடு பிடிக்க. மத்த நாளுன்னா தாலுகா ஆபீசுல காகிதம் வாங்க. ஆட்டுக்கு வாயைத் திறந்து பல்லைப் பார்த்தா வயசு தெரிஞ்சுபோகும். காகிதத்துக்குக் கம்ப்யூட்டர் மொகத்தைப் பார்க்கணும். அந்தக் கம்ப்யூட்டரே பல்லை இளிச்சா யார்கிட்டப் போறது?

என் தங்கச்சி பேரன் மெயின் ரோட்டு மேல ஜெராக்ஸ் கடை போட்டிருக்கான். பத்துக்கு எட்டு ரூம். அதுக்குள்ள ஜெராக்ஸ் மிஷின் ஒண்ணு, பிரிண்டர் ஒண்ணு, லேமினேஷன் மிஷின் ஒண்ணு, கம்ப்யூட்டர் ரெண்டு, சாமி படத்துக்குச் சீரியல் லைட்டு, தலைக்கு மேல ஃபேனு, அப்புறம் நான். வாசல் ஓரமா எனக்குன்னு ஒரு ஸ்டூலு உண்டு. ஸ்டூலுக்குப் பக்கத்துல ஒரு ஜங்ஷன் பாக்ஸ். அதுல ஒரு ஓட்டை எனக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. பட்டன் போனைச் சார்ஜ் போட்டுக்குவேன். ரேடியோ கேக்கணும்னா சார்ஜரைப் பிடுங்கிட்டுக் கேப்பேன். எழுபது தாண்டின ஆளுக்கு இதுக்கு மேல என்னங்க சொத்து வேணும்?

ரெண்டு மாசமா அந்தக் கடையில ஒரு மானிட்டருக்குச் சாமி வருது. முதல்ல ஓரமா சிலுக்கும். அப்புறம் பட்டை பட்டையா கோடு ஏறும். பட்டா நம்பரை டைப் பண்ற நேரமாப் பார்த்து, கண்ணை மூடித் திறக்கிற மாதிரி இருட்டாகி வெளிச்சமாகும். வரிசையில நிக்கிற ஜனம் எல்லாம் பேரனையே முறைக்கும். அவன் மானிட்டரை முறைப்பான். மானிட்டர் யாரையும் முறைக்காது, அது பாட்டுக்கு ஆடும்.

நம்ம ஊருல ஒருத்தனுக்குக் கஷ்டம் வந்துட்டா போதும், மழைக்குக் காளான் மொளைச்ச மாதிரி நிபுணருங்க மொளைச்சுடுவாங்க. டீக்கடைக்காரர் திருஷ்டின்னார். மானிட்டர் தலையில எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குச்சு. பழம் காஞ்சுது, ஆட்டம் நிக்கலை. தர்மபுரியில இருந்து ஒரு கூட்டாளி வந்தான், சாஃப்ட்வேர் கோளாறுன்னான். விண்டோசை அழிச்சுட்டு மறுபடி போட்டான். மூணு வருஷமா சேத்து வச்சிருந்த ஃபைலு எல்லாம் காசிக்குப் போச்சு, ஆட்டம் இங்கேயே இருந்துச்சு. அடுத்தவன் வந்து மானிட்டரே மண்டையைப் போட்டுடுச்சுன்னான். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் புது மானிட்டர் வந்து எறங்குச்சு. பழசு சாமி ஆடினா, புதுசு கரகாட்டமே ஆடிச்சு.

கடைசியா யாரோ சொன்னாங்கன்னு அதியமான்கோட்டை கால பைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியில சாம்பல் பூசணி விளக்குப் போட்டுட்டு வந்தான். நான் தடுக்கலை. பைரவர் காவல் தெய்வம், திருடனைக் கட்டாயம் பிடிப்பார். ஆனா திருடன் எந்தச் சந்துல நிக்கிறான்னு கையைக் காட்ட வேண்டியது நாமதானே?

எல்லாப் படியும் ஏறி எறங்கின பொறவுதான் ஸ்டூல் மேல உக்காந்திருக்கிற கிழவன் அவன் கண்ணுல பட்டேன். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஆண்ட மண்ணு இது. நெல்லிக்கா முன்னே துவர்க்கும், பின்னே இனிக்கும், கிழவன் பேச்சும் அப்படித்தான்னு சொல்வாங்க. இந்தக் காலத்துப் பசங்க துவர்க்குதுன்னதும் துப்பிடுறாங்க, தண்ணி குடிக்கிற வரைக்கும் பொறுமை கிடையாது.

நான் சொன்னேன்: “கண்ணு, நீ பண்ணினது எல்லாமே சரிதான். என்ன, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது. மானிட்டரை மாத்திட்ட, அடுத்து கம்ப்யூட்டரை மாத்து. அதுக்கும் அடங்கலைன்னா டேபிளை மாத்து. டேபிளுக்கும் அடங்கலைன்னா கடையை மாத்து. கடைசியா கண்ணை மாத்து. ஆனா தப்பித் தவறிக்கூடப் பக்கத்துல என்ன ஓடுதுன்னு மட்டும் பார்த்துடாத. பார்த்தா செலவு மிச்சமாயிடும்.”

பையன் கொஞ்ச நேரம் முழிச்சான். அப்புறம் டீயும் போண்டாவும் வாங்கியாந்து என் முன்னால வச்சான். வைத்தியம் அங்க இருந்து ஆரம்பம்.

நாப்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டினவன் நான். கரண்டுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. கம்பிக்குள்ள அடக்க ஒடுக்கமாப் போகாது, சுத்திலும் வாசத்தைப் பரப்பிக்கிட்டே போகும். கருவாட்டுக் குழம்பு மாதிரி. கொதிக்கிறது ஒரு வீட்டுல, வாய் ஊறுறது நாலு வீட்டுல. 1820ல டென்மார்க்கு நாட்டு ஆர்ஸ்டெட் ஒரு கம்பியில கரண்டு விட்டார். பக்கத்துல சும்மா கிடந்த திசைகாட்டி முள்ளு திரும்பிப் பார்த்துச்சு. கரண்டு ஓடினா காந்தம் பொறக்கும்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. 1831ல இங்கிலாந்துல ஃபாரடே அதைத் திருப்பிப் போட்டார், காந்தம் அசைஞ்சா பக்கத்துக் கம்பியில கரண்டு பொறக்கும்னு காட்டினார். அந்த ரெண்டு மகராசருங்க போட்ட சோத்தைத்தான் நான் நாப்பது வருஷம் தின்னேன். கெணத்து மோட்டாரு சுத்துறதும் அந்தச் சூத்திரத்துலதான், பேரன் மானிட்டர் ஆடுறதும் அந்தச் சூத்திரத்துலதான். மோட்டார்ல நடந்தா உபயோகம், மானிட்டர்ல நடந்தா உபத்திரவம்.

அந்தக் காலத்து டப்பா மானிட்டருக்கு இந்த வாசம் ஆகவே ஆகாது. பின்னாடி இருந்து ஒரு எலக்ட்ரான் கதிர் பீச்சிக்கிட்டு வந்து கண்ணாடியில படம் வரையும். 1897ல ஜெர்மனிக்காரர் பிரவுன் செஞ்ச குழாய் அது. கதிரை மேலயும் கீழயும் இழுத்து வரைய வைக்கிறது குழாய்க் கழுத்துல சுத்தியிருக்கிற காயிலு. ஆமா, நம்ம சரக்குதான். வெளியில இன்னொரு காயில் வந்து குறுக்க இழுத்தா என்ன ஆகும்? எழுதுற பையன் முழங்கையை இடிச்சா எழுத்துக் கோணுமில்ல, அதேதான்.

அப்ப ஒரு பிரவுசிங் சென்டர்காரர் என்கிட்ட வந்து அழுதார். மானிட்டர் நாலு தடவை சர்வீசுக்குப் போச்சாம். சர்வீஸ் கடையில வச்சா சாமியார் மாதிரி அசையாம நிக்குது, இங்க கொண்டாந்தா ஆடுது. கரண்டு சரியான்னு பார்க்க அதே இடத்துல டி.வி.யை வச்சுப் பார்த்திருக்கார், அது ஆடலை. அதனால கரண்டு யோக்கியன், மானிட்டர்தான் அயோக்கியன்னு தீர்ப்பு எழுதிட்டார்.

நான் மானிட்டரைத் தொடவே இல்லை. சுவத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். மாவு மில்லோட மெயின் போர்டு.

டி.வி. ஏன் ஆடலை? நம்ம ஊர் கரண்டு வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வரும். நம்ம நாட்டு டப்பா டி.வி.யும் வினாடிக்கு 50 தடவை படத்தை வரையும். ரெண்டும் ஒரே தாளம். இழுத்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் இழுபடும், கோணல் கோணலாவே நின்னுடும், கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் மானிட்டர் 60 தடவை வரையும். அறுபதுல அம்பது போனா பத்து. வினாடிக்குப் பத்து தடவை நடுக்கம். 75ல வச்சா இருபத்தஞ்சு. பறை ஒரு தாளம், ஆட்டம் ஒரு தாளம்னா கால் இடறத்தானே செய்யும்?

டேபிளைத் தூக்கி எதிர்ச் சுவத்துக்குப் போட வச்சேன். காயிலோட இழுப்புக்கு ஒரு குணம், தூரம் ரெண்டு மடங்கானா இழுப்பு எட்டுல ஒரு பங்காயிடும். தள்ளித் தள்ளி நின்னா சொந்தக்காரன் தொல்லை குறையிற மாதிரி. செலவு எவ்வளவு தெரியுமா? டேபிள் தூக்கின ரெண்டு பேருக்கு டீ.

அதோட இன்னொண்ணும் பார்த்தேன். அந்தக் கட்டடத்துல பேஸ் கம்பி ஒரு பக்கம் போகுது, நியூட்ரல் வேற லைன்ல இருந்து கடன் வாங்கி இன்னொரு பக்கம் வருது. பேஸும் நியூட்ரலும் புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒட்டிப் போனா, ஒருத்தர் வீச்சத்தை இன்னொருத்தர் அடக்கிடுவாங்க. ஆளுக்கொரு தெருவுல போனா ஊரே நாறும். வயர்மேனுக்கு ரெண்டு மீட்டர் கம்பி மிச்சம், கடைக்காரருக்கு நாலு தடவை சர்வீஸ் சார்ஜ்.

இதுல நம்ம அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. 2006ல ஒரு ஆட்சி வீட்டுக்கு வீடு கலர் டி.வி. கொடுத்துச்சு. 2011ல அடுத்த ஆட்சி மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்துச்சு. ரெண்டும் ஒரே பிளக் போர்டுக்கு வந்துச்சு. சாயங்காலம் மாமியார் சீரியல் பார்க்க, மருமகள் சட்னி அரைக்க, டி.வி. முழுக்கப் பொரி தூவின மாதிரி புள்ளி புள்ளியா வரும். மாமியார் மருமகளை முறைப்பாங்க. கூட்டணி சேராத ரெண்டு கட்சி ஒரே வீட்டுக்குள்ள சண்டை போட்டது அங்கதான்.

அந்தச் சண்டையில மூணு சாமானுக்கும் ஒரே தண்டனை கொடுக்கக் கூடாது. கிரைண்டருக்கும் ஃபேனுக்கும் உள்ளே இருக்கிறது இண்டக்‌ஷன் மோட்டார். அதுல கார்பன் பிரஷ் கிடையாது, பொறி பறக்காது. கிளம்பும்போது ஒரு முக்கு முக்கும், லைட்டு லேசா மங்கும், அவ்வளவுதான். மிக்சிக்குத்தான் கார்பன் பிரஷ். ஓடும்போது உள்ளே நீலமாப் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன். மார்க்கோனி ஆரம்பத்துல கடல் தாண்டிச் சேதி அனுப்பினதே பொறியை வச்சுத்தான். நம்ம வீட்டு மிக்சி இன்னமும் அனுப்பிக்கிட்டே இருக்குது. சேதிதான் ஒண்ணும் இல்லை.

பேரன் குறுக்க விழுந்தான்: “தாத்தா, அது எல்லாம் டப்பா மானிட்டர் கதை. இது எல்.இ.டி. உள்ளே கதிரும் இல்லை, கழுத்தும் இல்லை.”

வாஸ்தவம். தட்டை மானிட்டரைப் பக்கத்துக் காந்தம் பிடிச்சு ஆட்டாது. ஆனா வாசல்ல வந்த திருடன் இப்பக் கொல்லைப்பக்கமா வர்றான். கொல்லைப்பக்கம்னா கேபிளு, அடாப்டரு, எர்த்து. பேரன் மாட்டியிருந்தது நீல மூக்கு வி.ஜி.ஏ. கேபிளு. அதுல வர்ற படத்தோட சிக்னல் முழுசா ஒரு வோல்ட் கூடக் கிடையாது, 0.7 வோல்ட்டு. அதை 230 வோல்ட் கம்பியோட சேத்து டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கான், பார்க்க நீட்டா இருக்கணுமாம். யானையையும் எறும்பையும் ஒரே கயித்துல கட்டிட்டு எறும்பு ஏன் நொண்டுதுன்னு கேட்டா எப்படி?

சரி, துப்புத் துலக்குறது எப்படின்னு சொன்னேன். போலீஸ்காரன் கூட எடுத்ததும் அடிக்க மாட்டான், சாட்சியைத்தான் முதல்ல விசாரிப்பான்.

முதல் சாட்சி மானிட்டர்லயே இருக்கிற மெனு பட்டன். அதை அமுக்கினா வெளிச்சம், கலருன்னு ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியல் கம்ப்யூட்டர்ல இருந்து வர்றது இல்லை, மானிட்டர் தானாப் போடுறது. பின்னாடி படம் ஆடி, பட்டியல் ஆடாம நின்னா, மானிட்டர் நிரபராதி. குத்தம் கேபிள்லயோ கம்ப்யூட்டர்லயோ இருக்குது. பட்டியலும் சேந்து ஆடினா மானிட்டரையும் அதுக்கு வர்ற கரண்டையும் பாரு. இந்த ஒரு பட்டனை முதல் நாளே அமுக்கியிருந்தா ஆறாயிரத்து ஐந்நூறு பையிலேயே இருந்திருக்கும். அமுக்கிப் பார்த்தோம். பட்டியல் கல்லு மாதிரி நின்னுச்சு. பின்னாடி படம் மட்டும் ஆடுது.

ரெண்டாவது சாட்சி லேப்டாப்பு. சார்ஜர் இல்லாம பேட்டரியில ஓட விட்டு அதே மானிட்டர்ல மாட்டு. ஆட்டம் நின்னா, திருடன் கரண்டு வழியா வர்றான். நிக்கலைன்னா கேபிளை மாத்திப் பாரு.

மூணாவது சாட்சி தலைக்கு மேல எரியிற லைட்டு. மானிட்டரும் லைட்டும் சேந்து மங்கினா அது வாசம் இல்லை, பசி. ஜெராக்ஸ் மிஷினும் லேசர் பிரிண்டரும் மையைச் சுட வைக்கிறதுக்கு உள்ளே ஒரு ஹீட்டரை விட்டு விட்டுப் போடும். அது போடும்போதெல்லாம் லைன்ல இருக்கிற கரண்டை ஒரே வாயில முழுங்கும். அதுக்குத் தனி லைன் இழுத்துடு. ஆனா லைட்டு மங்குறதும் பளிச்சுன்னு தூக்குறதுமா மாறி மாறி வந்தா வேடிக்கை பார்க்காத. நியூட்ரல் லூசா இருக்கும். நியூட்ரல் கழண்டா 230 வர வேண்டிய வீட்டுக்கு 400 வரைக்கும் ஏறும். அதுல கிழவன் யோசனை எல்லாம் வேண்டாம், மெயினை அணைச்சுட்டு வயர்மேனைக் கூப்பிடு, இல்லைன்னா மின்வாரியத்தோட மின்னகத்துக்குப் போனைப் போடு.

நாலாவது சாட்சி பிளக்கோட மூணாவது காலு. அந்தப் பெரிய பின்னு எர்த்து. சுவத்துல ரெண்டு ஓட்டைதான் இருக்குதுன்னு அந்தக் காலை முறிச்சுப் போட்ட மகானுங்க நம்ம ஜில்லாவுல நிறைய. கேபிளுக்கு மேல சுத்தியிருக்கிற கம்பி வலை, வர்ற தொல்லையை வாங்கி எர்த்துல கொண்டுபோய்க் கொட்டணும். எர்த்தே இல்லைன்னா எங்க கொட்டும்? உன் படத்துலயே கொட்டும். எர்த் இருக்கிற வீட்டுலயும் குழிக்குள்ள உப்பும் கரியும் போட்டுப் புதைச்சதோட சரி, பொறவு யாரும் திரும்பிப் பார்க்கிறதே இல்லை. நம்ம பூமி காஞ்ச பூமி. கோடையில அந்தக் குழிக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துடா கண்ணு. துளசி மாடத்துக்கு ஊத்துற புண்ணியத்துல பாதியாவது வரும்.

அஞ்சாவது சாட்சி பொய்ச் சாட்சி. செல்போன் கேமராவுல மானிட்டரைப் பிடிச்சுப் பார்த்துட்டு, ‘ஐயோ கோடு ஓடுது’ன்னு அழறவங்க உண்டு. வெறுங்கண்ணுக்கு ஆடாம கேமராவுக்கு மட்டும் ஆடினா அது நோயே இல்லை. மானிட்டர் விளக்கோட துடிப்பும் கேமராவோட துடிப்பும் ஒத்துப்போகலை, அவ்வளவுதான்.

இவ்வளவும் சொல்லிட்டு, ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். எந்த நாளு, எத்தனை மணிக்கு ஆடுது, எத்தனை மணிக்கு நிக்குது, அப்ப பக்கத்துல என்ன ஓடுது. நோய் எதுன்னு கண்டுபிடிக்கிறது பாதி வைத்தியம்னா, எப்ப வருதுன்னு கண்டுபிடிக்கிறது மீதி வைத்தியம்.

நம்பிக்கை வரட்டும்னு அவனுக்கு ஒரு பேப்பர் சேதியும் சொன்னேன். வேல்ஸ் நாட்டுல அபெர்ஹோசன்னு ஒரு குக்கிராமம். தினமும் காலையில ஏழு மணியானா ஊருக்கே இன்டர்நெட் படுத்துடும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லைங்க, பதினெட்டு மாசம். ஓபன்ரீச் கம்பெனி இன்ஜினியருங்க கேபிளைக்கூட மாத்திப் பார்த்துட்டாங்க, நம்ம பேரன் மானிட்டர் மாத்தின மாதிரியே. கடைசியா ஒரு நாள் விடியக்காலை ஆறு மணிக்கே அளவு மிஷினைத் தூக்கிக்கிட்டு, கொட்டுற மழையில தெருத் தெருவா நடந்தாங்க. டாண்ணு ஏழு மணிக்கு ஒரு வீட்டுல இருந்து மின்சார இரைச்சல் கிளம்புச்சு. உள்ளே போய்ப் பார்த்தா, ஒரு பழைய டி.வி. அந்த வீட்டுக்காரர் காலையில எழுந்ததும் போடுற டி.வி. ஒரு டி.வி. ஊரையே பதினெட்டு மாசம் கட்டிப் போட்டிருக்குது. வீட்டுக்காரருக்கு அவமானமாப் போயி, இனிமே அதைத் தொடவே மாட்டேன்னு சொல்லிட்டாராம். 2020 செப்டம்பர்ல உலகத்துப் பேப்பர்ல எல்லாம் வந்துச்சு.

“பெரிய கம்பெனிக்கு இது நடக்காது தாத்தா”ன்னான். ஏன் நடக்காது? 2016 கடைசியில எல்.ஜி. கம்பெனி மேக் கம்ப்யூட்டருக்குன்னு ஒரு 27 இஞ்ச் மானிட்டர் விட்டுச்சு. விலை ஒரு நல்ல கறவை மாட்டு விலைக்கு மேல. பக்கத்துல ரெண்டு மீட்டருக்குள்ள வைஃபை ரவுட்டர் இருந்தா அந்த மானிட்டருக்கு மயக்கம் வந்துச்சு. கம்பெனியே ஒத்துக்கிட்டு, அதுக்கு அப்புறம் செஞ்ச மானிட்டருக்கு உள்ளே கூடுதலா ஒரு தடுப்புக் கவசம் போட்டுச்சு.

இன்னும் ஒரு கூத்து இருக்குது. உக்காந்தா எழுந்தா ‘புஸ்ஸு’ன்னு ஏறி எறங்குற சுழல் நாற்காலி இருக்கே, அதுல இருந்து ஆள் எழும்போது பொறக்கிற துடிப்பை எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கிக்கிட்டு மானிட்டரை ஒரு நொடி இருட்டாக்கிடும். சிரிக்காதீங்க, இது உலகம் முழுக்க நடக்கிற விஷயம். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தா ஆபீசே இருட்டாகுதுன்னா, முதலாளி பெருமைன்னு நெனச்சுக்காதீங்க, கேபிள் மட்டம். கேபிள் நுனியில, எலி முழுங்கின பாம்பு மாதிரி ஒரு உருண்டை இருக்கும் பாருங்க, அது ஃபெரைட்டு. கம்பி மேல தொத்திக்கிட்டு வர்ற இரைச்சலை அங்கேயே அமுக்கிச் சூடாக்கி அழிச்சுடும். உருண்டை இருக்கிற நல்ல கேபிளா வாங்குங்க.

பத்து நாள் கழிச்சு பேரன் நோட்டைக் கொண்டாந்தான். காலையில பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஆட்டம். சாயங்காலம் நாலுல இருந்து ஆறு. மத்தியானம் ஆட்டம் இல்லை. செவ்வாய்க்கிழமைப் பக்கம் மட்டும் வெள்ளையா இருந்துச்சு. “முருகனுக்கு உகந்த நாள் தாத்தா, அதான் ஆடலை”ன்னான். நானும் ஆமாம்பான்னு தலையை ஆட்டினேன். ஆனா எனக்கு லேசா வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா செவ்வாய்க்கிழமை நான் சந்தைக்குப் போயிடுவேன். மத்தியானம் வீட்டுல களி தின்னுட்டுத் தூங்கிடுவேன்.

“டீ வாங்கியா”ன்னு அவனை அனுப்பிட்டு ரேடியோவை எடுத்தேன். அபெர்ஹோசன்ல இன்ஜினியருங்க தூக்கின மிஷின் லட்சக்கணக்குல இருக்கும், என் மிஷினுக்கு ரெண்டு பேட்டரி போதும். பண்பலையில வச்சா திருடன் மாட்ட மாட்டான். பண்பலையைக் கண்டுபிடிச்ச ஆம்ஸ்ட்ராங்கே 1933ல அதைச் செஞ்சது இந்தக் கரகரப்பை ஒழிக்கத்தான். அதனால நம்ம தர்மபுரி பண்பலை பாலு மாதிரி சுத்தமாக் கேக்கும். மீடியம் வேவுல வைக்கணும், அதுலயும் ஸ்டேஷன் இல்லாத எடமாப் பார்த்து முள்ளை நிறுத்தணும். அப்புறம் ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்துல கொண்டு போகணும், டாக்டர் குழல் வைக்கிற மாதிரி. எங்க இரைச்சல் தூக்குதோ அங்க திருடன்.

லேமினேஷன் மிஷின் சூடேறி அணையும்போது ‘டக்’. சீரியல் லைட்டு ‘கிர்ர்’. ஃபேன் ரெகுலேட்டரு ‘உர்ர்’. எல்லாம் சில்லறைத் திருட்டு. ஜங்ஷன் பாக்ஸ் பக்கம் கொண்டு போனேன். ரேடியோ போட்ட கூச்சல்ல டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நீளமா இருக்குதேன்னு பேரன் சுருட்டி வச்ச வி.ஜி.ஏ. கேபிள் அந்த பாக்ஸ் மேலதான் படுத்திருக்குது. அதுக்குக் கீழே, என் பட்டா நிலத்துல, என் சார்ஜரு.

சந்தையில ஆட்டுக் கயிறு விக்கிறவன் பக்கத்துல அம்பது ரூபாய்க்கு வாங்கினது. சார்ஜருக்குள்ள 230 வோல்ட்டை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் அஞ்சு வோல்ட் ஆக்குறாங்க. வெட்டுற சத்தம் வெளியில வராம இருக்க நல்ல கம்பெனிக்காரன் உள்ளே ஒரு சின்னக் காயிலும் கெப்பாசிட்டரும் வைப்பான். ஒரு சாமான் எவ்வளவு இரையலாம்னு அளவு போட 1934லேயே பல நாட்டுக்காரங்க கூடி ஒரு கமிட்டி வச்சாங்க, அது இன்னைக்கும் இருக்குது. என் சார்ஜருக்கு அந்தக் கமிட்டியைத் தெரியாது. காயில் கட்டிப் பொழைச்சவன், காயில் இல்லாத சார்ஜரை வாங்கியிருக்கேன்.

ரேடியோ போடும்போது சார்ஜரைப் பிடுங்குவேன்னு முன்னாடியே சொன்னேனே, ஏன்னு நீங்க கேக்கலை. மாட்டியிருந்தா ரேடியோ கரகரக்கும். வாங்கின அன்னைக்கே தெரியும். என் ரேடியோவுக்குத் தொல்லைன்னதும் எனக்குப் புரிஞ்சுது, அவன் மானிட்டருக்குத் தொல்லைன்னா புரியலை. காது என்னுது, கண்ணு அவனுது பாருங்க.

சார்ஜரைப் பிடுங்கி மடியில செருகினேன். மானிட்டர் கொளத்துத் தண்ணி மாதிரி அடங்குச்சு. பேரன் டீயோட வந்தான், வாயைப் பொளந்தான். “எப்படி தாத்தா?”ன்னான். “கேபிளைக் கரண்டுக் கம்பியை விட்டு ஒரு முழம் தள்ளி வச்சேன், ரெண்டும் குறுக்க வர்ற எடத்துல சிலுவை மாதிரி வெட்டிப் போக வச்சேன்”னேன். அதுவும் பொய் இல்லைங்க. அதையும் செஞ்சேன். சார்ஜர் சங்கதியை மட்டும் மறந்துட்டேன். வயசாச்சில்ல?

மறுநாள் ஸ்டூல் மேல ஒரு புது சார்ஜர் இருந்துச்சு. அட்டைப்பெட்டியோட, முத்திரையோட, நல்ல கம்பெனி. ஏன் வாங்கினேன்னு அவன் சொல்லலை, ஏன் வாங்கினன்னு நானும் கேக்கலை. நோட்டை மட்டும் என் கண்ணுல படுற மாதிரி விரிச்சு வச்சிருந்தான். செவ்வாய்க்கிழமைக்கு நேரா ‘முருகன்’னு எழுதியிருந்ததை அடிச்சுட்டு, ‘தாத்தா சந்தை’ன்னு திருத்தியிருக்கான். அன்னைக்கு இருந்து போண்டா நின்னுபோச்சு, டீ மட்டும் வருது.

அதனால சாமிகளா, உங்க வீட்டுத் திரை ஆடினா திரையை வையாதீங்க, கடைக்காரனை வையாதீங்க, பக்கத்து வீட்டு மிக்சியையும் உடனே வையாதீங்க. மெனு பட்டனை அமுக்குங்க, நோட்டு எழுதுங்க, ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் பாருங்க. பிடுங்க ஆரம்பிக்கும்போது முதல்ல உங்க சொந்தச் சார்ஜரைப் பிடுங்குங்க. நான் பத்து நாள் கழிச்சுத்தான் பிடுங்கினேன். போண்டா போச்சு.